சூறைக்குருவி மீது சுமத்திய பழி

"சோளம் விதைச்சா குருவிக்குத்தான் விதைக்கணும்." மதுரை மாவட்டத்தின் திருமங்கலம், கள்ளிக்குடி, பேரையூர் வட்டாரக் கரிசல் ஊர்களில் இந்தப் பேச்சு எப்போதோ தீர்ப்பாகிவிட்டது. கப்பலூர் டீக்கடையிலும் இதைத்தான் கேட்கலாம். விவசாயக் கூட்டங்களிலும் செய்திகளிலும் இதே தொனிதான்: சூறைக்குருவி படையெடுக்கிறது, வயலை அழிக்கிறது. இந்தப் பக்கம் சிறுதானியம் ஒழிந்துபோனதற்கு முதல் குற்றவாளி இந்தப் பறவைதான், அதை விரட்ட வேண்டும், முடிந்தால் எண்ணிக்கையையே குறைக்க வேண்டும் என்ற எண்ணம் படித்தவர், படிக்காதவர் என்ற வேறுபாடு இல்லாமல் பரவிக் கிடக்கிறது. இந்த எண்ணம் தவறு. அதைவிட, ஆபத்தானது.

எதிர்த்தரப்பின் வழக்கை முதலில் அதன் முழுப் பலத்தோடு வைத்துவிடலாம். சோளக்கதிர் பால் பிடித்து, நகத்தால் அழுத்தினால் வெள்ளையாகப் பிதுங்குகிற பருவம். மார்கழி, தை மாதக் காலை. ரோஜா நிற உடம்பும் கறுப்புத் தலையும் கறுப்பு இறக்கையுமாக, மைனா அளவுள்ள பறவைகள் ஆயிரக்கணக்கில் ஒரே வீச்சில் வயலில் இறங்குகின்றன. நுனியிலிருந்து பாதிக் கதிர்வரை மொட்டையாகிவிடும். ஒரு குறுக்கம், இரண்டு குறுக்கம் வைத்திருக்கிற மானாவாரி விவசாயிக்கு அது ஒரு வருட உழைப்பு. விடிவதற்குள் பரணில் ஆள் ஏற வேண்டும். தகரம் தட்ட வேண்டும், கவண் வீச வேண்டும், வேட்டுப் போட வேண்டும். முன்பு பிள்ளைகள் செய்த வேலை இது. இன்று அவர்கள் பள்ளிக்கூடத்தில் இருக்கிறார்கள். பெரியவர்கள் சிட்கோ பட்டறைக்கும் மில்லுக்கும் போகிறார்கள். கூலிக்குக் காவல் வைத்தால் விளைச்சலின் விலை கூலிக்கே போய்விடும். இந்த நட்டம் உண்மை. பறவை நேசம் பேசுகிறவர்கள் இதை மழுப்பினால் அது நேர்மை ஆகாது.

நட்டம் உண்மை என்பதால் மட்டும் அதற்குச் சொல்லப்படும் காரணம் உண்மையாகிவிடாது. பரிந்துரைக்கப்படும் மருந்து சரியானதும் ஆகிவிடாது. அந்தக் காரணத்தையும் மருந்தையும்தான் மறுக்கிறேன்.

1. "இது தானியம் தின்கிற பறவை."

ஆறு மாதம் தங்குகிற பறவையை ஒரு மாதத்து நடத்தையை வைத்து மதிப்பிடலாமா? சூறைக்குருவி நம் பக்கம் புரட்டாசி, ஐப்பசியில் வரத் தொடங்கி, பங்குனி, சித்திரையில் திரும்பிப் போகிறது. சோளம் அதன் வாய்க்கு வசமாக இருப்பது பூத்ததிலிருந்து மணி முற்றும் வரையிலான ஏறக்குறைய ஒரு மாதம். மீதி மாதங்கள் அது எதைத் தின்று வாழ்கிறது? வெட்டுக்கிளி, புழு, வண்டு, ஈசல், ஆலம்பழம், அரசம்பழம், உண்ணிப்பழம். இலவ மரமும் முள்முருங்கையும் பூத்துவிட்டால் தேனுக்காகக் கூட்டமாகப் போய் மொய்க்கும். நெற்றியில் மகரந்தம் அப்பிக்கொண்டு மரத்துக்கு மரம் தாவும்.

அலகைப் பார்த்தாலே பாதி வழக்கு தீர்ந்துவிடும். சில்லைக்கும் சிட்டுக்கும் கிளிக்கும் விதையை நெரித்து உமி நீக்குகிற தடித்த அலகு. சூறைக்குருவியின் அலகு கூரானது, ஒடுங்கியது. பூச்சியைக் கொத்தவும் பழத்தைக் குத்தவும் அமைந்தது. பால் பிடித்த சோளம் மென்மையாக இருப்பதால் அது அந்த அலகுக்கு எட்டுகிறது. சந்தர்ப்பம் கிடைக்கும்போது தானியம் தின்கிற பறவை என்று சொல்லலாம். தானியத்துக்காகவே பிறந்தது என்று சொல்ல அதன் உடம்பே இடம் கொடுக்கவில்லை.

மழைக்குப் பிறகு புல் முளைத்த கரிசல் தரிசில் இந்தக் கூட்டம் இரை தேடுவதை ஒரு தடவையாவது நின்று பார்க்க வேண்டும். எல்லாம் ஒரே திசை பார்த்து நடக்கும். முன்வரிசை கிளப்பிவிட்ட வெட்டுக்கிளிகளைக் கொத்திக்கொண்டே போகும். பின்வரிசைக்கு இரை குறைந்ததும் அது எழுந்து, முன்வரிசையின் தலைக்கு மேலே பறந்து, அதற்கு முன்னால் போய் இறங்கும். அடுத்த நொடி அதற்குப் பின்னால் இருந்தவை எழும். இப்படிக் கூட்டம் முழுவதும் தரையில் உருண்டுகொண்டே நகரும். அது போன தடத்தில் பூச்சி தப்புவது கடினம்.

இந்தப் பறவையின் இனப்பெருக்கமே வெட்டுக்கிளியைச் சார்ந்தது. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து கஜகஸ்தான் வழியாக மேற்குச் சீனம் வரை பரந்த புல்வெளிகளில், வெட்டுக்கிளி பெருகுகிற இடமாகப் பார்த்து மே, ஜூன் மாதங்களில் கற்குவியல்களுக்கு இடையே ஆயிரக்கணக்கில் கூடு வைக்கிறது. வெட்டுக்கிளி குறைந்த வருடம் இடத்தை மாற்றிக்கொள்கிறது. சீனத்தின் சின்ஜியாங் பகுதியில் 1980களிலிருந்து இந்தப் பறவைக்காகவே கற்குவியல்களும் செயற்கைக் கூட்டிடங்களும் கட்டிக் கொடுக்கிறார்கள். மேய்ச்சல் நிலத்தில் பூச்சிமருந்துச் செலவைக் குறைக்க அது ஒரு வழி. நாம் வேட்டுப் போட்டுத் துரத்துகிற பறவையை அங்கே கல் அடுக்கி வரவேற்கிறார்கள்.

நம் ஊரிலேயே ஒரு முரண்பாடு இருக்கிறது. 2018இல் அமெரிக்கப் படைப்புழு இந்தியாவுக்குள் நுழைந்து, அந்தப் பருவத்திலேயே தமிழ்நாட்டு மக்காச்சோளத்தை அரித்தது. அதற்கு வேளாண்துறை சொன்ன பரிந்துரைகளில் ஒன்று, வயலில் பறவைகள் உட்காரத் தாங்கிகள் நட வேண்டும் என்பது. பயறுக்கும் பருத்திக்கும் காய்ப்புழு வந்தால் இதையே வெகுகாலமாகச் சொல்லி வருகிறார்கள். எந்தப் பறவையும் தனியாக நின்று படைப்புழுவை ஒழித்துவிடாது. அப்படி நான் சொல்லவில்லை. ஒரு வயலில் பறவைக்கு இருக்கை போட்டுவிட்டு, பக்கத்து வயலில் பறவையே இருக்கக் கூடாது என்று நினைப்பது நடக்கிற காரியமா என்று மட்டும் கேட்கிறேன்.

2. "குருவியால்தான் சோளம் போனது."

சோளம் போனதால்தான் குருவித் தொல்லை கூடியது. இந்த வரிசையை மாற்றிப் படிப்பதுதான் மொத்தத் தவறுக்கும் வேர்.

இந்தியாவில் 1970களின் தொடக்கத்தில் ஏறத்தாழ 1.7 கோடி ஹெக்டேரில் சோளம் விளைந்தது. இன்று அது 40 லட்சம் ஹெக்டேரை ஒட்டி நிற்கிறது. இந்தச் சரிவுக்குக் காரணங்கள் ஊரறிந்தவை. ரேஷன் கடையில் அரிசி வந்தது. வீட்டில் சோளச்சோறு நின்றது. கோழித் தீவனத்துக்கு மக்காச்சோளம் கேட்கும் சந்தை வளர்ந்தது. உழவு மாடு குறைந்ததும் தட்டைக்கு இருந்த தேவையும் குறைந்தது. சோளத்துக்கு நிச்சயமான கொள்முதல் இல்லை. கப்பலூரைச் சுற்றி இன்னொரு காரணமும் உண்டு: நிலமே போய்விட்டது. சிட்கோ தொழிற்பேட்டை, நான்குவழிச் சாலை, தோப்பூர்-உச்சப்பட்டி துணைநகரம், அவற்றை ஒட்டி முளைத்த மனைப்பிரிவுகள் என்று ஒவ்வொன்றாக வந்து கரிசலை விழுங்கின. தமிழ்நாட்டில் நிலக்கடலைப் பரப்பும்தான் கடந்த முப்பது ஆண்டுகளில் பெருமளவு சுருங்கியது. மண்ணுக்கடியில் விளையும் கடலையை எந்தச் சூறைக்குருவி தின்றது?

இப்போது கணக்கைப் பாருங்கள். ஒரு கூட்டம் நூறு குறுக்கச் சோளத்தில் பரவித் தின்றால் ஒவ்வொரு விவசாயிக்கும் போவது சில கதிர்கள். அதே கூட்டம், சுற்றிலும் பருத்தியும் கருவேலங்காடும் வீட்டுமனையுமாக இருக்க, நடுவில் மிஞ்சிய மூன்று குறுக்கத்தில் இறங்கினால் அந்த மூன்று குறுக்கமும் காலி. பறவை கூடவில்லை, பங்கு போட்டுக்கொள்ள வயல் இல்லை. தனித்து நிற்கிற வயலும், மற்றவற்றுக்கு முன்னாலோ பின்னாலோ முற்றுகிற வயலும்தான் அதிகம் அடிபடும் என்பது உலகெங்கும் பறவைச் சேதத்தை ஆராய்ந்தவர்கள் ஒப்புக்கொண்ட விஷயம். நம் விவசாயிகளுக்கும் அனுபவத்தில் தெரிந்ததுதான்.

கதிர் தின்னும் பறவையும் கதிர் காக்கும் மனிதரும் நேற்று வந்தவர்களில்லை. தினைப்புனம் காப்பது சங்க இலக்கியத்தின் குறிஞ்சித் திணைக்கே உரிய காட்சி. கிளி ஓட்டத் தட்டையும் தழலும் குளிரும் என்று கருவிகள் வைத்திருந்த சமூகம் இது. கிளி தின்றதால் தினை விளைச்சல் அன்று நின்றுபோகவில்லை. விளைந்ததற்கு வாங்க ஆள் இருந்தார்கள், காக்க ஆள் இருந்தார்கள். இரண்டும் இல்லாமல் போன பிறகு பழியைப் பறவை மேல் போடுகிறோம். 2023ஐச் சர்வதேசச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடினோம். அந்தக் கொண்டாட்டத்தில் மானாவாரி விவசாயியின் காவல் கூலிக்கு யார் வழி சொன்னார்கள்?

3. "கொன்று குறைத்தால் பிரச்சினை தீரும்."

இந்த மருந்தை உலகம் ஏற்கெனவே சாப்பிட்டுப் பார்த்துவிட்டது. ஆப்பிரிக்காவில் குவெலியா என்ற சிறு பறவை சோளத்தையும் கம்பையும் பெருங்கூட்டமாக வந்து தின்கிறது. அரை நூற்றாண்டுக்கு மேலாக அது அடையும் இடங்களில் விமானம் வைத்து நஞ்சு தெளிக்கிறார்கள், வெடி வைக்கிறார்கள். கோடிக்கணக்கில் கொன்றும் உலகின் மிகப் பெருவாரியான காட்டுப்பறவைகளில் ஒன்றாகவே அது இன்றும் நீடிக்கிறது. தெளித்த நஞ்சு, செத்த பறவைகளைத் தின்ற கழுகையும் ஆந்தையையும் கொன்றது.

சீனம் 1958இல் சிட்டுக்குருவியை நான்கு தீங்குயிர்களில் ஒன்றாக அறிவித்தது. தானியம் தின்கிறது என்பதே குற்றச்சாட்டு. மக்களைத் திரட்டி, தட்டும் தாம்பாளமும் அடித்து, குருவிகளைத் தரையில் உட்காரவிடாமல் துரத்திக் கொன்றார்கள். 1960இல் சிட்டுக்குருவியைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு மூட்டைப்பூச்சியைச் சேர்த்தார்கள். பயிரில் பூச்சி பெருகியதைக் கண்ட பறவையியலாளர்கள் எச்சரித்த பிறகுதான் அந்த மாற்றம். அந்த வருடங்களின் பெரும் பஞ்சத்துக்குப் பல காரணங்கள் உண்டு. எல்லாவற்றையும் குருவி மேல் ஏற்ற முடியாது. தின்கிற பறவையைக் கொன்றால் தானியம் மிஞ்சும் என்ற கணக்கு பொய்த்தது என்பதற்கு மட்டும் அது போதுமான சாட்சி.

இவ்வளவு தூரம் போகவே வேண்டாம். 2018 ஆகஸ்டில் மதுரை மாவட்டம் மருதங்குளம் பகுதியில் 40க்கும் மேற்பட்ட மயில்கள் ஒன்றாகச் செத்துக் கிடந்தன. நஞ்சு கலந்த நெல்லைத் தின்றிருக்க வேண்டும் என்று சந்தேகிக்கப்பட்டது. தேசியப் பறவைக்கே இந்தக் கதி என்றால், பெயர் தெரியாத குருவிக்கு யார் கேட்பார்கள்? வயலில் வைத்த நஞ்சு ஆள் பார்த்து, பறவை பார்த்துக் கொல்லாது. கோழி சாகும், நாய் சாகும், கண்மாய்த் தண்ணீரில் கலக்கும். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இது குற்றமும்கூட. அந்தச் சட்டம் காக்கையையும் எலியையும் தீங்குயிர்ப் பட்டியலில் வைத்திருந்த காலத்திலும் சூறைக்குருவியை அதில் சேர்க்கவில்லை.

4. "இது வெளிநாட்டுப் பறவை. உலகமே இந்த இனத்தைத் தொல்லை என்கிறது."

இதில் இரண்டு பிழைகள் இருக்கின்றன. வருடத்தில் பாதிக்கு மேல் இந்தியத் துணைக்கண்டத்தில் வாழ்கிற பறவை, முட்டையிட மட்டும் வடமேற்கே போய் வருகிறது. அது பிறந்த இடத்தை வைத்து அந்நியன் என்றால், தங்கும் இடத்தை வைத்து நம்மூர்க்காரன் என்று ஏன் சொல்லக்கூடாது?

இரண்டாவது பிழை, பெயரைப் பார்த்து ஆளை மாற்றிப் பிடிப்பது. சூறைக்குருவிக்கு ஆங்கிலத்தில் ரோசி ஸ்டார்லிங் என்று பெயர். உலகச் செய்திகளில் தொல்லையாக வருவது அதன் உறவான ஐரோப்பிய ஸ்டார்லிங். 1890இல் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் 60 பறவைகளை விட்டார்கள். அடுத்த வருடம் இன்னும் 40. அவை பெருகி அமெரிக்கக் கண்டத்தின் குறுக்கே பரவின. அங்கே அவை அயல் உயிர், கொண்டுபோய்விட்டது மனிதன். நம் மைனாவின் கதையும் அதுவே. வெட்டுக்கிளியை ஒழிக்க 1762இல் இந்தியாவிலிருந்து மொரீஷியசுக்கு மைனாவைக் கொண்டுபோனார்கள். பின்னாளில் எத்தனையோ தீவுகளுக்கு இப்படிக் கொண்டுபோகப்பட்டு, பல இடங்களில் உள்ளூர்ப் பறவைகளுக்குத் தொல்லையாகிவிட்டது. சூறைக்குருவியை யாரும் கூண்டில் அடைத்துக் கொண்டுவந்து கரிசலில் விடவில்லை. தன் சிறகால், தன் பழைய வழியில் வருகிறது.

அந்த ஐரோப்பிய ஸ்டார்லிங்கின் சொந்த ஊர் நிலவரம் என்ன? பிரிட்டனில் அது இன்று பாதுகாப்பு வேண்டிய பறவைகளின் சிவப்புப் பட்டியலில் இருக்கிறது. பிரிட்டிஷ்காரர்கள் எங்கும் நிறைந்ததென்று நினைத்த பறவை, மேய்ச்சல் நிலமும் புழுபூச்சியும் குறையக் குறைய, அவர்கள் கண்ணெதிரே தேய்ந்தது. அது அடுத்த வாதத்துக்கும் பதில்.

5. "லட்சக்கணக்கில் இருக்கிறது. கொஞ்சம் குறைந்தால் என்ன?"

கூட்டமாக இருப்பதைப் பாதுகாப்பாக இருப்பதாக எடுத்துக்கொள்வது பெரிய ஏமாற்றம். சூறைக்குருவியைப் போலவே வலசை போகிற, கூட்டமாக வாழ்கிற, வயலில் தானியம் தின்கிற பறவை ஒன்று உண்டு: மஞ்சள் மார்பு பண்டிங். பின்லாந்திலிருந்து ஜப்பான் வரை பரவியிருந்தது. வடக்கு ஆசியாவில் மிகச் சாதாரணமான பறவைகளில் ஒன்றாக இருந்தது. குளிர்காலத்தில் கூட்டமாக அடையும் இடங்களில் வலை போட்டு, லட்சக்கணக்கில் பிடித்துச் சாப்பிட்டார்கள். 1980க்கும் 2013க்கும் இடையில் ஏறக்குறைய 90 விழுக்காடு அழிந்தது. 2017இல் அதை அற்றுப்போகும் தறுவாயில் இருக்கும் இனமாக அறிவிக்க வேண்டியதாயிற்று. ஒரு தலைமுறைக்குள் முடிந்துபோன காரியம் இது.

கூட்டமாக வாழும் பறவையின் பலவீனமே அதன் கூட்டம்தான். மாலையில் எல்லாம் ஒரே இடத்தில் அடைவதால் ஒரு வலை, ஒரு நஞ்சு, ஒரு தீ ஒரு வட்டாரத்துப் பறவை முழுவதையும் முடித்துவிடும். இன்று சூறைக்குருவி ஆபத்தில் இல்லை. உலகப் பட்டியலில் கவலைக்குரிய நிலையில் இல்லாத பறவை. அதை அப்படியே வைத்திருப்பது சுலபம், செலவில்லாதது. அருகிய பிறகு மீட்பதுதான் கோடிகள் கேட்கும்.

6. "இரைச்சல், எச்சம், நாற்றம்."

ஊருக்குள் மரத்தில் ஆயிரம் பறவை அடைந்தால் எச்சம் விழும், சத்தம் கேட்கும். மறுக்கவில்லை. அவை ஏன் ஊருக்குள் வருகின்றன? கண்மாய்க்குள்ளும் கரையிலும் நின்ற மரங்களை நாம் வெட்டினோம். கருவை, மருதம், புளி போன இடத்தில் சீமைக்கருவேலம் வந்தது. பறவைகள் அதற்குப் பழகிக்கொண்டன. சீமைக்கருவேலத்தை அகற்றுவது தேவைதான். அகற்றுகிற இடத்தில் நாட்டுமரம் வைக்காமல் வெறுமனே விட்டுவிட்டால், அடைய இடமில்லாத பறவை பேருந்து நிலையத்து மரத்துக்கும் மின்கம்பிக்கும்தான் வரும்.

அந்த இரைச்சல் வெறும் இரைச்சலும் இல்லை. சூரியன் சாயும் நேரம் நிலையூர்க் கண்மாய்ப் பக்கமோ, சாமநத்தம் பக்கமோ போனால் பார்க்கலாம். வயல்களிலிருந்து சின்னச் சின்னக் கூட்டங்களாக வந்து ஒன்றுசேரும். ஒரு வல்லூறு தலைகாட்டினால் மொத்தக் கூட்டமும் இறுகும், விரியும், மடங்கும். ஒன்றோடு ஒன்று மோதாது. தலைவன் கிடையாது, கட்டளை கிடையாது. இத்தாலிய இயற்பியலாளர் ஜியோர்ஜியோ பாரிசியும் அவருடைய சகாக்களும் ரோம் நகரில் ஸ்டார்லிங் கூட்டங்களைப் பல கேமராக்களால் படம் பிடித்து, ஒவ்வொரு பறவையும் தனக்கு அருகில் உள்ள ஆறேழு பறவைகளை மட்டுமே கவனித்துப் பறக்கிறது என்று 2008இல் காட்டினார்கள். சிக்கலான அமைப்புகள் பற்றிய ஆய்வுக்காகப் பாரிசி 2021இல் நோபல் பரிசு பெற்றவர். உலகத்தின் பெரிய மூளைகள் உட்கார்ந்து படிக்கிற பாடம் நம் கண்மாய்க்கு மேலே மாலைதோறும் நடக்கிறது. நம் பள்ளிப் பிள்ளைகளுக்கு அதைக் காட்டாமல், கவண் எடுத்துக் கொடுப்பது என்ன கல்வி?

இனி, என்ன செய்யலாம் என்ற கேள்விக்கு வருகிறேன். விவசாயி நட்டப்படட்டும் என்று சொல்லிவிட்டு எழுந்துபோக எனக்கு உரிமை இல்லை.

ஒன்று, சேர்ந்து விதைப்பது. ஒரு ஊரில் சோளம் போடுகிறவர்கள் அடுத்தடுத்த நிலத்தில், ஒரே வாரத்தில், ஒரே வயதுள்ள ரகத்தை விதைத்தால் சேதம் பரவிக் குறையும், காவல் ஆளும் குறையும். வேளாண்துறை விதை கொடுக்கும்போதே இதை ஒருங்கிணைக்கலாம். இரண்டு, ரகம். கரிய உமி மூடிய இருங்குச் சோளத்தைப் பறவை எளிதில் உரித்துத் தின்ன முடியாது. 1901இல் தொடங்கிய கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையம் கரிசலுக்கென்றே சோள ரகங்களை வெளியிட்டு வருகிறது. பறவைக்குத் தாங்கும் குணத்தையும் அது விளைச்சலுக்கு நிகரான இலக்காக வைக்க வேண்டும். மூன்று, ஒளி எதிரொளிக்கும் நாடா, தகரம், பரண். பறவை இவற்றுக்குப் பழகிவிடும் என்பது உண்மை. ஆகவே பால் பிடிக்கும் அந்தச் சில வாரங்களுக்கு மட்டும், மாற்றி மாற்றிப் பயன்படுத்த வேண்டும். அந்த வாரங்களின் காவல் கூலியில் ஒரு பங்கை அரசு ஏற்கட்டும்; சிறுதானிய இயக்கம் என்ற பெயரில் செலவாகும் பணத்துக்கு இதைவிட நேரான வழி இல்லை. நான்கு, பறவைச் சேதத்தை அளந்து இழப்பீடு கொடுக்கும் ஏற்பாடு. மழை கெடுத்தால் நட்டஈடு உண்டு, குருவி தின்றால் கிடையாது என்கிற வரையில் விவசாயியின் கோபம் குருவி மேல்தான் போகும்.

இவற்றில் எதுவும் புதிதில்லை, எதுவும் பெருஞ்செலவில்லை. இவை செய்யப்படாமல் இருப்பதற்குக் காரணம், பறவையைக் குற்றவாளி ஆக்கிவிட்டால் வேறு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை என்பதுதான். கொள்முதல் ஏன் இல்லை என்று கேட்க வேண்டாம். கரிசல் ஏன் மனையானது என்று கேட்க வேண்டாம். கண்மாய் மரம் எங்கே போனது என்று கேட்க வேண்டாம். ரேஷனில் சோளம் ஏன் இல்லை என்று கேட்க வேண்டாம். எழுபது கிராம் எடையுள்ள ஒரு பறவை இத்தனை பேருடைய பொறுப்பையும் சுமந்துகொண்டிருக்கிறது.

சோளம் திரும்பி வர வேண்டும் என்று உண்மையிலேயே விரும்புகிறவர்கள் கவணைக் கீழே வைத்துவிட்டு இந்தக் கேள்விகளை எடுக்கட்டும். கரிசலில் மறுபடியும் நூறு நூறு குறுக்கமாகச் சோளம் நின்றால் குருவிக்கும் கிடைக்கும், வீட்டுக்கும் கிடைக்கும். குருவி இல்லாமல் போனால் அந்த நூறு குறுக்கமும் தானாகத் திரும்பி வந்துவிடாது.